தோற்றுக்கொண்டிருக்கும் மேனேஜருக்கு எவ்வளவு நாள் பொறுக்கலாம்? கால்பந்துக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

நீங்கள் ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்டு ஓராண்டோ இரண்டாண்டோதான் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆட்டமாக வெற்றி இல்லை. ஆறாவது ஆட்டத்தில் 88வது நிமிடம் வரை தாக்குப்பிடித்துவிட்டு, கடைசியில் ஒரு கார்னரில் கோல் வாங்கித் தோற்கிறார்கள். போனைத் திறந்தால் எல்லா ரசிகர் குழுக்களிலும் ஒரே பேச்சு, மேனேஜரைத் தூக்குங்கள் என்று. அதே குழுவில் இருபது முப்பது வருடமாகப் பார்க்கிற யாராவது ஒருவர் வந்து, "பொறுங்கப்பா, மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசனும் ஆரம்பத்தில் இப்படித்தான் தோற்றார்" என்பார். இரண்டு பக்கமும் அடித்துச் சொல்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுக்க வேண்டும், பெரும்பாலான ரசிகர்கள் இன்றைக்குப் பொறுப்பதைவிடக் கூடுதலாகவே பொறுக்க வேண்டும். ஆனால் அந்தப் பொறுமை மேனேஜர்மேல் இருக்கிற பாசத்தில் இருந்தோ, நாளானால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் இருந்தோ வந்தால் பிரயோஜனம் இல்லை. ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்து அதிலிருந்து வரவேண்டும். ஸ்கோரை மட்டும் பார்க்கிறவரிடம் பொறுப்பதற்கும் காரணம் கிடையாது, கோபப்படுவதற்கும் காரணம் கிடையாது. அவர் கையில் இருப்பது ஓர் எண் மட்டும்தான்.

மேனேஜர் கையில் என்ன இருக்கிறது?

இதில்தான் புதியவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் இங்கிருந்தே தொடங்கலாம். பதினோரு பேரைத் தேர்ந்தெடுப்பது, வாரம் முழுவதும் என்ன பயிற்சி என்று முடிவு செய்வது, எந்த அமைப்பில் ஆடுவது, ஆட்டத்தின் நடுவே யாரை எடுத்து யாரை இறக்குவது, தோற்ற மறுநாள் வீரர்களிடம் எப்படிப் பேசுவது, இதெல்லாம் மேனேஜரின் வேலை. இதில் தவறு நடந்தால் அவரைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

வீரர்களை வாங்குவது விற்பது பல கிளப்களில் இன்று அவர் கையில் முழுதாக இல்லை. அதற்கென்று ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஒருவர் இருப்பார், அவருக்குக் கீழே ஆள்தேடும் குழு ஒன்று இருக்கும், எல்லோருக்கும் மேலே முதலாளி இருப்பார். அதனாலேயே இப்போது நிறையக் கிளப்கள் அந்தப் பதவிக்கு ஹெட் கோச் என்று பெயர் வைத்திருக்கின்றன. முன்கள வீரர் ஒருவரை வாங்கித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வாங்காமல் விட்டது யார், மூன்று தடுப்பாட்டக்காரர்கள் ஒரே மாதத்தில் காயம்பட்டது யார் தப்பு, போன மேனேஜருக்காக வாங்கிய வீரர்கள் இவருடைய ஆட்டமுறைக்குப் பொருந்தாமல் உட்கார்ந்திருப்பது யார் தப்பு என்பதையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே ஆளின் தலையில் கட்டினால், அவரை அனுப்பிய பிறகும் அதே பிரச்சினை அடுத்தவருக்காகக் காத்திருக்கும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு லீக்கில் எந்தக் கிளப் வீரர்களின் சம்பளத்துக்கு எவ்வளவு செலவு செய்கிறது என்று வரிசைப்படுத்தினால், பல வருடச் சராசரியில் அந்த வரிசையும் புள்ளிப் பட்டியலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆகவே உங்கள் கிளப் சம்பளத்தில் 12வது இடத்தில் இருந்துகொண்டு பட்டியலிலும் 12வது இடத்தில் இருந்தால், அது உங்களுக்குத் தோல்வியாகத் தெரிந்தாலும் மேனேஜர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்.

ஐந்து ஆட்டம் என்பது எவ்வளவு சின்ன அளவு

கால்பந்தில் கோல்கள் குறைவு, அதுதான் இந்த ஆட்டத்தின் அழகு, அதுவேதான் சிக்கலும். கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்தில் ஓர் அணி நூறு புள்ளிகூட எடுக்கும், அதனால் நல்ல அணி பெரும்பாலும் ஜெயித்துவிடும். இங்கே இரண்டு அணிக்கும் சேர்த்தே இரண்டு மூன்று கோல்தான், எனவே ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனாலும் முடிவே மாறிவிடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயிக்க 40 சதவீத வாய்ப்புள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 38 ஆட்டம் கொண்ட சீசனில் அது சராசரியாக 15 வெற்றி பெறும், பட்டியலின் நடுவிலோ அதற்குச் சற்று மேலேயோ முடிக்கும், மரியாதையான அணி. அந்த அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயிக்காமல் போகும் ஒரு கட்டம் அதே சீசனில் எங்காவது வருவதற்கு வாய்ப்பு என்ன தெரியுமா? ஏறக்குறைய மூன்றில் இரண்டு. மேனேஜர் எதையும் கெடுக்கவில்லை, வீரர்கள் சோம்பவில்லை, ஒரு நாணயத்தைத் திரும்பத் திரும்பச் சுண்டினால் பூவே விழாமல் தலையாக விழும் மாதிரி அது தானாகவே வரும். நிஜத்தில் எதிரணி பலமானதா பலவீனமானதா என்பதைப் பொறுத்து வாய்ப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், ஆனாலும் படம் இதுதான். தொடர்ச்சியாக நான்கு பெரிய கிளப்களோடு மோதும் மாதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, தோல்வி துரதிர்ஷ்டமா, கையாலாகாத்தனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஓரளவு உதவுவதுதான் எக்ஸ்பெக்டட் கோல்ஸ் என்கிற எண், சுருக்கமாக எக்ஸ்ஜி என்பார்கள். கருத்து எளிமையானது. நூறு பெனால்டி அடித்தால் ஏறக்குறைய 75 முதல் 80 வரை கோலாகும், ஆகவே ஒரு பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேலே மதிப்பு. முப்பது மீட்டர் தூரத்தில் இருந்து உதைத்தால் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் உள்ளே போகும், ஆகவே அதற்கு மிகச் சிறிய மதிப்பு. இப்படி ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைத்த எல்லா வாய்ப்புகளின் மதிப்பையும் கூட்டினால், அந்த அணி சாதாரணமாக எத்தனை கோல் அடித்திருக்க வேண்டும் என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். உங்கள் அணி ஐந்து ஆட்டத்தில் தோற்றிருக்கிறது, ஆனால் நான்கில் எதிரணியைவிட நல்ல வாய்ப்புகளை உருவாக்கியிருக்கிறது என்றால், மேனேஜரின் வேலை நடந்துகொண்டிருக்கிறது, பந்துதான் உள்ளே போகவில்லை. எதிரணிதான் ஒவ்வொரு முறையும் நல்ல வாய்ப்புகளை உருவாக்குகிறது, நம் கோல்கீப்பர்தான் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்றால், அப்போது நடுவில் கிடைக்கும் ஒன்றிரண்டு வெற்றியைப் பார்த்தும் மயங்கக் கூடாது. இந்த எண்ணும் ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் சொல்லாது, பத்துப் பன்னிரண்டு ஆட்டம் சேர்ந்தால்தான் பேச ஆரம்பிக்கும்.

புது மேனேஜர் வந்தவுடன் ஏன் ஜெயிக்கிறார்கள்?

"மாற்றினார்கள், உடனே ஜெயித்தார்கள், பார்த்தீர்களா" என்பதுதான் பொறுமை வேண்டாம் என்பவர்களின் பெரிய ஆயுதம். பார்த்தால் உண்மை போலத்தான் இருக்கிறது. 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் தன் மேனேஜர் மொரின்ஹோவை அனுப்பிவிட்டு, தன் பழைய வீரர் ஒலே குன்னார் சோல்ஷயரைத் தற்காலிகமாக உட்காரவைத்தது. முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். எல்லோரும் கொண்டாடினோம், 2019 மார்ச்சில் அவரை நிரந்தரமாக்கினார்கள். அதன் பிறகு வெற்றிகள் வறண்டு, அந்த சீசனை ஆறாவது இடத்தில் முடித்தார்கள்.

ஒரு மேனேஜரை எப்போது நீக்குகிறார்கள்? அணி தன் இயல்பான நிலையைவிட மிகக் கீழே இருக்கும்போது. அதற்கும் கீழே போவது கடினம், அதனால் யார் வந்தாலும், யாருமே வராவிட்டாலும்கூட, அடுத்த சில ஆட்டங்களில் அணி தன் சராசரியை நோக்கி மேலேறவே செய்யும். நெதர்லாந்தின் பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் 1986 முதல் 2004 வரையான டச்சு லீக் ஆட்டங்களை எடுத்து இதைச் சோதித்துப் பார்த்தார். மேனேஜரை நீக்கிய அணிகளை ஒரு பக்கமும், அதே மாதிரி சரிவில் விழுந்தும் மேனேஜரை நீக்காத அணிகளை இன்னொரு பக்கமும் வைத்து ஒப்பிட்டால், நீக்கிய அணிகள் மேலே வந்ததைப் போலவே நீக்காத அணிகளும் மேலே வந்திருந்தன. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஒரு மாத்திரை போட்டு, மறுநாள் தணிந்ததும் மாத்திரைக்குப் பெருமை சேர்ப்பது போலத்தான் இது. சில நேரம் மாத்திரை நிஜமாகவே வேலை செய்திருக்கும், ஆனால் தணிந்ததை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

இந்த ஒரு விஷயம் புரிந்தாலே உங்கள் கோபத்தில் பாதி குறையும் என்று நினைக்கிறேன். எனக்குக் குறைந்தது.

காலம் ஏன் தேவைப்படுகிறது

ஒரு மேனேஜர் சீசனின் நடுவில் வந்தால் அவருக்குக் கிடைப்பது வேறொருவர் சேர்த்த அணி. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் இருக்கும் கிளப்பில் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாள் பயணம், ஒரு நாள் ஆட்டத்துக்கு முந்தைய லேசான பயிற்சி என்று போனால் புதிதாக எதையும் கற்றுத்தர நேரமே மிஞ்சாது. புது வீரர் வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம், திறக்க வேண்டும், அது ஐரோப்பாவில் கோடையிலும் ஜனவரியிலும் மட்டும்தான். பெரிய சம்பளத்தில் நீண்ட ஒப்பந்தம் போட்டுவிட்ட, ஆனால் இப்போது பயன்படாத வீரரை அனுப்பவே இரண்டு விண்டோ ஆகும். ஆகவே ஒரு மேனேஜரின் வேலையை நியாயமாகப் பார்க்க வேண்டுமானால், சீசனுக்கு முந்தைய ஒரு முழுத் தயாரிப்புக் காலமும் குறைந்தது இரண்டு விண்டோக்களும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சிலர் இதை அதிகம் என்பார்கள். இதற்குக் குறைவான காலத்தில் நாம் மதிப்பிடுவது பெரும்பாலும் முந்தையவரின் வேலையைத்தான் என்பேன்.

ஆர்செனலைப் பாருங்கள். மிக்கெல் ஆர்டெட்டா 2019 டிசம்பரில் மேனேஜராக வந்தார். அந்த சீசனில் இங்கிலாந்து கிளப்களுக்கான நாக்அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையை வென்றாலும் லீக்கில் எட்டாவது இடம், அடுத்த சீசனும் எட்டாவது இடம். 2021-22 சீசன் தொடங்கியபோது பிரென்ட்ஃபோர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0 என்று மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, பட்டியலில் கடைசி இடம். அந்த வாரம் அவரை அனுப்பச் சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை, ஒன்றரை வருடத்துக்கு மேல் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தக் கோடையில் கிளப் வாங்கிய கோல்கீப்பர் ராம்ஸ்டேல், தடுப்பாட்டக்காரர் டோமியாசு போன்றவர்கள் அந்த மூன்று ஆட்டத்தில் இன்னும் களத்திலேயே இறங்கியிருக்கவில்லை. வயதான, சம்பளம் அதிகமான வீரர்களை அனுப்பி இருபது இருபத்திரண்டு வயதுக்காரர்களை வைத்துக் கட்டுகிறார்கள் என்பது கவனித்தவர்களுக்கு அப்போதே தெரிந்தது. அந்த சீசனை ஐந்தாவது இடத்தில் முடித்தார்கள், அடுத்த மூன்று சீசனும் இரண்டாவது இடம்.

யூர்கன் க்ளோப்பும் லிவர்பூலுக்கு 2015 அக்டோபரில் வந்து, முதல் சீசனில் எட்டாவது இடத்தில்தான் முடித்தார். ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் 2019இல் வந்தது, லீக் பட்டம் 2020இல்.

ஃபெர்குசன் கதையை எப்படிக் கேட்பது

பொறுமைக்கு ஆதரவாகப் பேசுகிறவர் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். லீக்கில் 11வது இடம், பிறகு இரண்டாவது, மறுபடியும் 11, 1989-90இல் 13. 1989 செப்டம்பரில் ஊர் எதிரியான சிட்டியிடம் 5-1 தோல்வி. அந்த டிசம்பரில் சொந்த மைதானத்திலேயே, மூன்று வருடமாகச் சாக்குச் சொல்லியும் அணி உருப்படவில்லை, போய்வாருங்கள் என்று பேனர் பிடித்தார்கள். 1990 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிரான எஃப்ஏ கோப்பை ஆட்டத்தில் மார்க் ராபின்ஸ் அடித்த ஒற்றை கோலில் ஜெயித்து, அந்த மே மாதம் கோப்பையையே வென்று, 1993இல் 26 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம், மொத்தம் 13 லீக் பட்டங்கள்.

உண்மைக் கதைதான். ஆனால் இதை மட்டும் வைத்து உங்கள் மேனேஜருக்கும் பொறுங்கள் என்பது சரியான வாதம் ஆகாது. மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தும் ஒன்றும் நடக்காமல் போன மேனேஜர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, ஏனென்றால் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஜெயித்த ஒரு விதையைக் கையில் வைத்துக்கொண்டு, முளைக்காத விதைகளை எண்ணாமல் விடுகிறோம். ஃபெர்குசன் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: கிளப் நிர்வாகம் எதைப் பார்த்துப் பொறுத்தது? அணியில் வேரோடியிருந்த குடிப்பழக்கத்தை அவர் மாற்றிக்கொண்டிருந்தார், சிறுவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை அடியிலிருந்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். காட்டுவதற்கு வேலை இருந்தது, புள்ளிதான் இல்லை.

மாற்றியதே சரியாகப் போன நேரங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசன் எட்டு ஆட்டத்தில் ஐந்தே புள்ளியோடு கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. மேனேஜரை மாற்றி, பெரிய அனுபவம் இல்லாத ஷாபி அலோன்சோவைக் கொண்டுவந்தார்கள். அதே வீரர்களோடு ஆறாவது இடம், அடுத்த சீசனில், நல்ல சில வீரர்களை வாங்கிய பிறகு, ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் லீக் பட்டம். செல்சி 2021 ஜனவரியில், தன் சொந்த நாயகனான ஃபிராங்க் லாம்பார்டை ஒன்பதாவது இடத்தில் இருக்கும்போது அனுப்பிவிட்டு தாமஸ் டூகலைக் கொண்டுவந்தது, நான்கே மாதத்தில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. நியூகாசில் 2021-22இல் முதல் 14 ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லாமல் நின்றது. நடுவில் எடி ஹௌ வந்து, கடைசியில் 11வது இடம். (அங்கே புது முதலாளிகளின் பணத்தில் ஜனவரியில் வந்த ஐந்து வீரர்களுக்கும் பங்கு உண்டு, எல்லாப் புகழும் மேனேஜருக்குப் போகக் கூடாது.)

ஆகவே மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. லெவர்குசனின் வீரர்கள் அந்தப் பட்டியல் காட்டியதைவிட வெகு மேலான தரம் உள்ளவர்கள், அப்படிப்பட்ட அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது. தகுதிக்கும் இடத்துக்கும் இடைவெளி எவ்வளவு பெரியதோ, அவ்வளவுக்கு மேனேஜர்மேல் கேள்வி கூடும்.

வீரர்கள் மேனேஜரைக் கைவிட்டுவிட்ட நிலையும் அப்படித்தான். 2015 மே மாதம் மொரின்ஹோவின் செல்சி லீக் பட்டம் வென்றது, அதே டிசம்பரில் 16வது இடத்தில் இருந்தது, லெஸ்டரிடம் தோற்ற பிறகு தன் வேலைக்குத் துரோகம் செய்யப்பட்டதாக அவரே வெளிப்படையாகப் பேசினார், சில நாளில் நீக்கப்பட்டார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை. பேச்சு அந்த அளவுக்குப் போன பிறகு பொறுத்து என்ன கிடைக்கும்?

பர்ன்லி கிளப்பும் அதன் மேனேஜர் ஷான் டைச்சும் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஏனென்றால் ஒரே கிளப், ஒரே மேனேஜர், இரண்டு முடிவுகள். 2015இல் பர்ன்லி, இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் அடியில் முடித்து, அடுத்த நிலை லீக்குக்குக் கீழே இறங்கியது. சின்னக் கிளப், குறைந்த பணம், அவர் செய்யக்கூடியதைச் செய்தார் என்று அவரையே வைத்துக்கொண்டார்கள். மறுவருடமே கீழ் லீக்கில் முதலிடம் பிடித்து ஏறி வந்தார்கள், 2018இல் பிரீமியர் லீக்கில் ஏழாவது இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்கே போனார்கள். 2022 ஏப்ரலில் மறுபடி கீழே இறங்கும் அபாயம், எட்டு ஆட்டம்தான் மிச்சம், இந்த முறை பதறி அவரை நீக்கினார்கள். கடைசி நாளில் இறங்கித்தான் போனார்கள். வைத்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் எட்டு ஆட்டத்தில் ஒரு புது மேனேஜர் எதைக் கற்றுத்தர முடியும் என்ற கேள்வி இருக்கிறது.

உங்கள் கிளப் எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் 2015இல் கீழ் லீக்குக்கு இறங்கியபோது மேனேஜர் கிறிஸ்டியான் ஸ்ட்ரைஷை அசைக்கவில்லை, அடுத்த வருடம் கீழ் லீக்கை வென்று ஏறினார்கள், அவர் 2024 வரை இருந்தார். அவருக்கு முன்னால் ஃபோல்கர் ஃபிங்கே 1991 முதல் 2007 வரை இருந்தவர், அதில் மூன்று முறை அணி கீழே இறங்கியது, மூன்று முறையும் அவர் நீடித்தார். அங்கே ரசிகர்களுக்குத் தங்கள் கிளப்பின் அளவு தெரியும். இதற்கு நேர் எதிரே லண்டனின் டாட்டன்ஹாம். 2025 மே மாதம் மேனேஜர் ஆஞ்ச் போஸ்டெகோக்லூ அவர்களுக்கு ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையை வாங்கித் தந்தார், லீக்கில் 17வது இடம், இரண்டு வாரம் சற்றுக் கடந்ததும் நீக்கிவிட்டார்கள். கோப்பையைப் பார்ப்பதா, 17வது இடத்தைப் பார்ப்பதா? கொண்டாட்டத்தின் சூட்டிலேயே அந்தக் கேள்வியைக் கேட்கும் மனம் நிர்வாகத்துக்கு இருந்தது என்றுதான் நான் பார்க்கிறேன், ஆனால் அந்த ரசிகர்களில் பலருக்கு அது இன்னும் ஆறாத புண்.

அடுத்த ஆட்டத்தில் எதைப் பார்ப்பது

ஸ்கோரை மறந்துவிட்டு சில விஷயங்களைக் கவனியுங்கள். பந்தை இழந்ததும் வீரர்கள் உடனே திரும்பி ஓடுகிறார்களா, கையை விரித்து நிற்கிறார்களா? ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிய பிறகு அணி என்ன செய்வது என்று தெரிந்து ஆடுகிறதா, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களா? ஒரே மாதிரி கோலை மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்களா? கார்னரில் கோல் வாங்குவது ஒருமுறை துரதிர்ஷ்டம், பத்துமுறை என்றால் பயிற்சி நடக்கவில்லை. இருபது வயது வீரர் ஒருவர் ஆறு மாதத்துக்கு முன் இருந்ததைவிட நன்றாக ஆடுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன், ஏனென்றால் அதிர்ஷ்டத்தால் ஒரு வீரர் மேம்பட முடியாது, யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் மேனேஜர் தோல்விக்குப் பிறகு சொல்வதைக் கேளுங்கள். எது தவறாகப் போனது என்று நீங்கள் கண்ணால் பார்த்ததையே அவரும் சொல்கிறாரா, அல்லது வாராவாரம் நடுவரையும் புல்தரையையும் குறை சொல்கிறாரா? பிரச்சினை தெரிந்தவருக்கு நேரம் கொடுக்கலாம்.

மைதானத்தில் நாம் எப்படி நடந்துகொள்வது

மனதுக்குள் மேனேஜர் போக வேண்டும் என்று முடிவு செய்வதும், ஆட்டம் நடக்கும்போது சொந்த அணியைப் பார்த்துக் கூச்சல் போடுவதும் ஒன்று கிடையாது. 2020இல் கொரோனாவால் ஜெர்மன் லீக் ஆளில்லாத மைதானங்களில் நடந்தபோது சொந்த மைதானத்து அணிகளுக்கு வழக்கமாக இருக்கும் சாதகம் குறைந்துபோனது. கூட்டம் ஆட்டத்தை மாற்றுகிறது என்று அர்த்தம், அப்படியென்றால் நம் கோபமும் மாற்றும். பந்தைத் தொட்டாலே திட்டு விழுமோ என்று பயப்படும் இருபது வயதுப் பையன் பாதுகாப்பாகப் பின்னாலேயே பாஸ் கொடுப்பான், அதைப் பார்த்து நாம் இன்னும் கத்துவோம்.

ஜெர்மனியின் டார்ட்மண்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2011, 2012 இரண்டு வருடமும் லீக் பட்டம், 2013இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், இதெல்லாம் அப்போது அங்கே மேனேஜராக இருந்த க்ளோப் தந்தது. பிறகு நட்சத்திர வீரர்களான கோட்ஸே போனார், லெவன்டோவ்ஸ்கி போனார், 2015 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க்கிடம் சொந்த மைதானத்தில் 1-0 தோற்றபோது அணி பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது. ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கும் அந்தத் தெற்குப் பக்கம் ஆட்டம் முடிந்ததும் கொதித்தது. கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் தடுப்பாட்டக்காரர் ஹும்மல்ஸும் நேராக ரசிகர்களிடமே போய் வேலிமேல் ஏறி நின்று பேசினார்கள். ரசிகர்கள் கோபத்தைக் கொட்டினார்கள், வீரர்கள் கேட்டார்கள். கிளப் க்ளோப்பை நீக்கவில்லை. அடுத்த நான்கு லீக் ஆட்டத்தையும் ஜெயித்தார்கள், சீசனை ஏழாவது இடத்தில் முடித்தார்கள். அந்தக் கோடையில் அவர் தானாகவே விடைபெற்றார், ஆட்கள் கண்ணீரோடு அனுப்பிவைத்தார்கள். ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதற்கு இதுதான் உதாரணம். இறுதி விசில் வரை ஆதரவு, அதற்குப் பிறகு முகத்துக்கு நேரே கேள்வி. ஒரு மேனேஜரின் குடும்பத்தை இழுத்துத் திட்டுவதும், அவர் குழந்தைகள் படிக்கும்படி எதையாவது எழுதுவதும் எந்த நிலையிலும் இதில் சேராது.

கடைசியாக ஒன்று. 1989 டிசம்பரில் பேனர் பிடித்தவர் பார்த்தது பொய் இல்லை. அணி மோசமாகத்தான் ஆடியது, அந்த சீசனில் 13வது இடத்தில்தான் முடித்தது. அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதே கிளப்பின் இளையோர் அணியில், பின்னாளில் அந்தக் கிளப்பின் பெரிய நட்சத்திரமான ரயன் கிக்ஸ் 16 வயதில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவரைச் சேர்க்க ஃபெர்குசனே அவர் வீட்டுக்குப் போயிருந்தார். அன்றைக்கு ஒரு ரசிகர் அதையெல்லாம் தெரிந்துகொள்ள வழி குறைவு. இன்றைக்கு இளையோர் அணி ஆட்டங்கள் நேரலையில் வருகின்றன, எண்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. மேனேஜரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் உங்கள் கிளப்பின் 18 வயதுக்குட்பட்டோர் அணியின் ஆட்டம் ஒன்றை உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் முதல் அணியில் போன மாதம் எத்தனை பேர் அங்கிருந்து வந்து களம் இறங்கினார்கள் என்று எண்ணுங்கள்.